பேர் கூப்பிடும் வரிசையில் ஓர் ஆயர்

மேற்கு மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. என் மகளுக்கு அப்போது மூன்று வயது. இப்போது அவள் மகளே பள்ளிக்கூடம் முடிக்கப் போகிறாள் என்றால் எவ்வளவு காலம் ஆயிற்று என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறி, மேலே போகப் போகக் காது அடைத்து, பாதிப் பேர் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்து முடித்த பிறகு வருகிற ஊர் எங்களுடையது. பெரிய கம்பெனி எல்லாம் இல்லை. ஒரே குடும்பத்துக்குச் சொந்தமான சின்ன எஸ்டேட். இப்போது அது கிடையாது. செடிகள் எல்லாம் மரமாக வளர்ந்து காட்டோடு காடாகிவிட்டதாம். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு தாங்காது. அட்டைக்கடியும் ஓயாத மழையுமாகக் கிடந்த இடம்தான். ஆனாலும் ஃபாக்டரியிலிருந்து வறுபட்ட தேயிலை வாசம் மழையோடு கலந்து வரும் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பசிக்கிறது.

மலையில் காலையில் சங்கு ஊதியதும் எல்லோரும் மைதானத்தில் வந்து வரிசையாக நிற்க வேண்டும். அதற்குப் பெரட்டு என்று பேர். கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். ‘இருக்கேன்’ என்று சொன்னால் அன்றைக்கு வேலை உண்டு. கூப்பிடவில்லையென்றால் வேலை இல்லை. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கிற பழக்கமும் அங்கே கிடையாது. கொஞ்ச நாள் இப்படியே பேர் விட்டுப்போனால் அடுத்து லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். வேலை இருக்கிறவர்களுக்குத்தான் வீடு. என் வீட்டுக்காரர் மலைக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். கீழே போனால் வா என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை. அந்த ஒற்றை அறையும் அதன் முன்னால் இருந்த அடுப்பும்தான் எனக்கும் என் பிள்ளைக்கும் இருந்த இடம்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. மானேஜரை நாங்கள் துரை என்றுதான் சொல்வோம். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலமாகியும் அந்தப் பேர் மட்டும் மலையை விட்டு இறங்கவில்லை. துரையின் ஜீப் சத்தம் கேட்டால், பாதையில் போகிறவர்கள் ஓரத்து வாறுகாலில், அதாவது மழைத்தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் இறங்கி, மழைக்குத் தலையில் போட்ட சாக்கை எடுத்துவிட்டு, ஜீப் கடந்து போகிறவரை நிற்க வேண்டும். இது எந்தப் பலகையிலும் எழுதி இருக்கவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் இறங்கினார்கள், நாங்களும் இறங்கினோம்.

ஒரு நாள் நல்ல மழை. மகளுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதிக்கிறது. டிஸ்பென்சரியில் ஊசி போட்டு இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிறேன். பின்னால் ஜீப் ஹாரன். வாறுகாலில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் சுழித்துக்கொண்டு ஓடுகிறது. அந்தப் பக்கம் சரிவு. பிள்ளையோடு எங்கே இறங்க? நான் பாதையிலேயே நடந்தேன். வளைவு வருகிறவரை ஜீப் என் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. வளைவில் ஒதுங்கி நின்றபோது உள்ளே இருந்த துரை என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் பெரட்டில் என் பேர் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. எனக்கு முந்தின பேரையும் பிந்தின பேரையும் கூப்பிட்ட கங்காணி, நடுவில் ஒரு எச்சில் விழுங்கிக்கொண்டார், அவ்வளவுதான். தொழிற்சங்கத்துக்காரரிடம் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்றார். அந்தக் கூட்டம் எப்போது என்று அவருக்கே தெரியாது.

என் பக்கத்து வீட்டு மதினி வேதக்காரி, அதாவது கிறிஸ்தவள். எங்கள் எஸ்டேட்டில் பாதிப் பேர் வேதக்காரர்கள், பாதிப் பேர் எங்களைப் போல மாடனையும் இசக்கியையும் கும்பிடுகிறவர்கள். ஒருத்தர் வீட்டுப் பலகாரம் இன்னொருத்தர் வீட்டில் இருக்கும். அந்த வாரம் மதினிக்குக் கால் தரையில் பாவவில்லை. இடிந்து கிடந்த அந்தோணியார் கோயிலை எஸ்டேட் முதலாளி எடுத்துக் கட்டிக் கொடுத்திருந்தார். அதை மந்திரித்துத் திறந்து வைக்க ஆயர், அதாவது பிஷப், வருகிறார். கடற்கரையில் மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவராம். ரோமாபுரி வரை போய்ப் படித்தவராம். தலையணை மாதிரி புத்தகங்கள் எழுதியிருக்கிறாராம். கூலிக்காரர்களுக்காகப் பேசுகிறார் என்பதால் கீழே சில பேர் அவரைச் ‘சிவப்பு ஆயர்’ என்று கேலி செய்வார்களாம். மதினி அதைப் பெருமையாகச் சொன்னாளா, வருத்தமாகச் சொன்னாளா என்று எனக்குப் புரியவில்லை.

எனக்கு அதில் எல்லாம் மனசு போகவில்லை. வேலை இல்லாதவள் வேறு என்ன செய்ய என்று பூத்தட்டு பிடிக்கப் போனேன்.

அன்றைக்கு நடந்ததை இப்போது சொன்னாலும் என் பேத்தி நம்ப மாட்டேன் என்கிறாள். எஸ்டேட் நுழைவிலிருந்து கோயில் வரை பாதையின் இரண்டு பக்கமும் நல்ல சேலை கட்டிக்கொண்டு, மாலையும் தட்டுமாக நாங்கள் நிற்கிறோம். ஆயரைக் கூட்டி வருவதற்குத் துரை தன் ஜீப்பையே அனுப்பியிருந்தார். அது எங்களில் யாருக்கும் தெரியாது. வளைவில் அந்த ஜீப் சத்தம் கேட்டதோ இல்லையோ, வரவேற்க நின்ற அத்தனை பேரும் சடசடவென்று வாறுகாலுக்குள் குதித்துவிட்டோம். தட்டும் மாலையும் கையில் இருக்கிறது, பட்டுச்சேலை தண்ணீரில் நனைகிறது, எல்லாருடைய தலையும் குனிந்திருக்கிறது. யாரும் யோசித்துச் செய்யவில்லை. எங்கள் கால்கள் தானாகச் செய்த காரியம் அது.

ஜீப்பில் வந்தவர் ஒரு காலிப் பாதையைப் பார்த்திருப்பார். பிறகு பள்ளத்தில் வரிசையாகத் தலைகளைப் பார்த்திருப்பார். ஜீப் நின்றது. வெள்ளை அங்கி போட்ட, குட்டையான, நல்ல கறுத்த ஒரு மனிதர் இறங்கினார். இடுப்பில் ஊதாக் கச்சை. மதினிதான் எதிரே இருந்தாள். எல்லாரும் ஏன் அங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார். அவள் தலையைத் தூக்காமலே, “துரை ஜீப்புலா ஆண்டவரே, அதான் எறங்கிட்டோம்” என்றாள்.

அங்கியை லேசாகத் தூக்கிக்கொண்டு அவரும் வாறுகாலில் இறங்கினார். இறங்கினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உண்மையில் வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் சப்பென்று உட்கார்ந்தார். ஐயோ என்று எல்லோரும் ஒரே குரலில் கத்திவிட்டோம். அவரோ உட்கார்ந்தபடியே சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் கணுக்காலில் அட்டை ஏறுவதைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், “யாத்தாடி” என்று ஒரு கத்தல். கடலில் சுறாவைப் பார்த்து வளர்ந்த மனிதருக்கு அட்டை என்றால் அவ்வளவு பயம். நான்தான், அட்டைக்கென்று எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும் உப்பு முடிச்சை வைத்து அதை விழவைத்தேன். கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தேன். எல்லோரும் மேலே ஏறுங்கள், கடைசியில் நான் ஏறுகிறேன் என்று சொல்லிவிட்டார். ஏறினோம். பிறகு அவர் முன்னால், நாங்கள் அவரைச் சுற்றி, பாதையின் நடுவில் நடந்து போனோம். துரையின் ஜீப் எங்கள் பின்னால் ஊர்ந்து வந்தது.

துரை கோயில் வாசலில் நின்று இதை முழுசாகப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

பூசையில் ஆயர் நீளமாகப் பிரசங்கம் வைத்தார். நல்ல படிப்பாளி என்பது தெரிந்தது, ஏனென்றால் பாதி யாருக்கும் புரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மதினி அவரிடம் போய் என் கதையை ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து துரையைப் பார்க்கப் பங்களாவுக்குப் போனார். திரும்பி வந்தபோது சிரித்த முகம். பேசிவிட்டேன், கவனிப்பதாகச் சொன்னார், கவலைப்படாதே என்று என்னிடம் சொன்னார். கூட வந்த இளம் சாமியார் ஏற்கெனவே பையை ஜீப்பில் வைத்துவிட்டார். மழைக்கு முன்னால் கீழே இறங்க வேண்டுமாம். அந்த வாரமே ஆயர் பெங்களூரில் பெரிய பெரிய வேத பண்டிதர்கள் கூடுகிற ஒரு மாநாட்டுக்குப் போக வேண்டியிருந்ததாம்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு அதற்கு ஒரு அளவே இல்லாமல் போய்விட்டது. இத்தனை பேருக்கு நடுவில் கேட்டேன்.

“நீங்க நாயம் பேசிட்டு ஜீப்புல ஏறிப் போயிருவிய சாமி. நாளைக்குக் காலையில பெரட்டுல நான்லா நிக்கணும். எம் பேரை ஆரு கூப்பிடுவா?”

மதினி என் கையைக் கிள்ளினாள். ஆயருடைய முகம் சுண்டிப்போனது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஜீப்பைப் பார்த்தார், பங்களாவைப் பார்த்தார். கடைசியாகத் தன் பையை அவரே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“சரிம்மா. காலையில பாத்துட்டே போவோம்” என்றார்.

ஜீப்பும் இளம் சாமியாரும் இறங்கிப் போய்விட்டார்கள். பங்களாவில் விருந்தினர் அறை இருக்கிறது என்று துரை ஆள் அனுப்பினார். நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, எங்கள் லைனின் கடைசியில் ஆள் இல்லாமல் கிடந்த ஒரு வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டார். கூரையிலிருந்து ஒழுகுகிற இடத்தில் எல்லாம் மதினி பாத்திரம் வைத்தாள். அவர் விட்ட குறட்டை எங்கள் வீடு வரை கேட்டது.

காலையில் பனிமூட்டத்துக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தார். எனக்குப் பக்கத்தில், வரிசையின் கடைசியில் நின்றார். அன்றைக்கு அவரைப் பார்த்த கங்காணியின் நிலைமையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பாவமாக இருக்கிறது. அவரும் வேதக்காரர். முந்தின நாள்தான் முழங்காலிட்டு ஆயருடைய மோதிரத்தை முத்தமிட்டவர். குரல் தடுமாறி, ஒரே பேரை இரண்டு தடவை கூப்பிட்டார். ஆனாலும் என் பேர் வரவில்லை. எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேறிப் போனார்கள். அந்தப் பெரிய மைதானத்தில் நானும் அவரும் மட்டும் நின்றோம்.

சரி, பார்த்தாகிவிட்டது, இனி கிளம்புவார் என்று நினைத்தேன். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்து செபப் புத்தகத்தைத் திறந்தார். நாளைக்கும் பார்த்துவிட்டுப் போவோம் என்றார்.

இப்படியே அந்த வாரம் போனது. பகலில் பிள்ளை மடுவத்தில், அதாவது வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விடுகிற கொட்டகையில், உட்கார்ந்து எழுதுவார். என் மகள் அவர் மடியில் ஏறி, கழுத்தில் கிடந்த சிலுவையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருப்பாள். சாயங்காலம் ஆண்கள் எல்லாம் அவரைச் சுற்றி வந்து உட்காருவார்கள். வெறும் தேயிலைத் தூளில் போட்ட கடுங்காப்பியைத்தான் நாங்கள் அவருக்குக் கொடுத்தோம், டீயையும் நாங்கள் காப்பி என்றுதான் சொல்வோம். நல்ல தேயிலை எங்களுக்குக் கிடைக்காது, அது பெட்டியில் ஏறிப் போய்விடும். அதைக் கேட்டுவிட்டு, கொழுந்து கிள்ளுகிற கைக்குக் கழிவுத் தூள்தான் என்கிற நியாயம் எந்த வேதத்திலும் இல்லையே என்றார். பிரசங்கத்தில் புரியாமல் பேசினவர்தான், அங்கன காப்பி குடித்துக்கொண்டு பேசினது எல்லோருக்கும் புரிந்தது.

கீழேயிருந்து ஆட்கள் வந்தார்கள். இளம் சாமியார் வந்து மாநாட்டை ஞாபகப்படுத்தினார். முதலாளி வீட்டிலிருந்து ஒரு பெரியவர் காரில் வந்தார். கோயில் கட்டிக் கொடுத்தவர்களை இப்படி அவமானப்படுத்தலாமா, ஆயர் இப்படிச் செங்கொடிக்காரர் மாதிரி நடந்துகொள்ளலாமா என்று கேட்டார். மதினி கதவோரத்தில் நின்று கேட்டுவிட்டு வந்து சொன்னாள். ஆயர் கோபமே படவில்லையாம். வேதத்துக்காக ரத்தம் சிந்திச் செத்த வேதசாட்சிகள் திருநாளுக்கெல்லாம் நாங்கள் சிவப்பு அங்கிதானே உடுத்துகிறோம், அந்த நிறம் எங்களுக்குப் புதுசா என்று சிரித்தாராம். வந்தவர் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அதற்காக எஸ்டேட்டே என் பக்கம் நின்றது என்று நினைத்துவிடாதீர்கள். உன் ஒருத்தியால் எல்லோருக்கும் இடைஞ்சல் என்று குழாயடியில் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். துரை போனஸில் கை வைத்துவிடுவார் என்று பயந்தார்கள். அவர்கள் பயத்திலும் தப்பு இல்லை. எனக்கே ஒரு கட்டத்தில் போதும் என்று ஆகிவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே போய்ப் பீடி சுற்றியாவது பிழைத்துக்கொள்ளலாம் என்று பாத்திரங்களைக் கட்டி வைத்தேன்.

அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குக் காலையில், காலி மைதானத்தில், அவர் தன் கதையைச் சொன்னார். அவருடைய அப்பாவுக்குச் சொந்த வள்ளம் கிடையாதாம். அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போகிறவர். விடியுமுன் எல்லோரும் துடுப்போடு கரையில் போய் நிற்க வேண்டும், யார் யார் ஏற வேண்டும் என்று வள்ளக்காரர் கை காட்டுவார். ஒரு தடவை பங்கு சரியில்லை என்று அப்பா வாய் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு கை அவர் பக்கம் வரவே இல்லை. ஆனாலும் தினமும் துடுப்பை எடுத்துக்கொண்டு போய் நின்றாராம்.

“நான் அப்பம் செமினரியில படிச்சுக்கிட்டு இருந்தேன். லீவுக்கு வந்தப்ப பாத்தேன். எங்கப்பா மட்டும் கரையில தனியா நிக்காவ. நான் தூரத்துல நின்னு பாத்துட்டு, ரயிலேறிப் படிக்கப் போயிட்டேன். பொறவு ஏழைகளைப் பத்திப் புஸ்தகம் புஸ்தகமா எழுதுனேன். எங்கப்பா பக்கத்துல போயி ஒரு நாள் நிக்கல மகளே.”

கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. பனி முகத்தில் வழிகிற மாதிரியே விட்டுவிட்டார். நான் வீட்டுக்குப் போய்க் கட்டி வைத்த பாத்திரங்களை அவிழ்த்து வைத்தேன்.

அடுத்த நாள் பேய்மழை. அவருக்கு ராத்திரியே காய்ச்சல் தொடங்கிவிட்டிருந்தது. வர வேண்டாம் என்று மதினி காலில் விழாத குறையாகச் சொன்னாள். கேட்கவில்லை. எங்களைப் போலவே தலையில் ஒரு சாக்கை முக்காடு மாதிரி மடித்துப் போட்டுக்கொண்டு, பல் தந்தியடிக்க, என் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு கையால் என் தோளைப் பிடித்திருந்தார். அந்தக் கையின் சூடு ரவிக்கைக்கு மேலே எனக்குத் தெரிந்தது.

கங்காணி பேர்களைக் கூப்பிட்டு முடித்தார். என் பேர் அன்றைக்கும் இல்லை. சரி, போங்க என்று எல்லோருக்கும் கை காட்டினார்.

யாரும் போகவில்லை.

முன்கூட்டிப் பேசி வைத்தது கிடையாது. பேசி வைத்திருந்தால் எனக்குத் தெரியாமல் இருக்காது. மதினி முதல் வரிசையில் கூடையைக் கீழே வைத்தாள். குழாயடியில் என்னை ஏசினவளும் அவள் பக்கத்தில் கூடையை வைத்தாள். எல்லோரும் தலையில் சாக்கோடு மழையில் அப்படியே நின்றோம். கங்காணி பங்களாப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வராந்தாவில் துரை நிற்பது மழைக்குள் மங்கலாகத் தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படியே போனது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு சமயம் பார்த்தால் வராந்தாவில் ஆள் இல்லை. உள்ளே போய்விட்டார்.

கங்காணி தொண்டையைச் செருமினார். பிறகு என் பேரைக் கூப்பிட்டார்.

துரை ஏதாவது சைகை காட்டினாரா, அல்லது கங்காணி தானாகவே துணிந்து கூப்பிட்டாரா என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. அவரும் சாகிறவரை சொல்லவில்லை. என் பேர்தானா என்று நான் கங்காணி வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். மதினி திரும்பிப் பார்த்து, “சொல்லுளா” என்று ஒரு அதட்டல் போட்ட பிறகுதான், “இருக்கேன்” என்றேன். அந்த ஒரு வார்த்தையை அவ்வளவு சத்தமாக நான் சொன்னதே கிடையாது. சொல்லிவிட்டு அழுதேன். மழையில் அழுதால் யாருக்கும் தெரியாது என்பது பொய், எல்லோருக்கும் தெரிந்தது.

ஆயரிடம் நின்று இரண்டு வார்த்தை பேசக்கூட நேரம் இல்லை. பேர் கூப்பிட்டாகிவிட்டது, கூடையை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அவர் போ போ என்று கையை ஆட்டிவிட்டு அந்தக் கல்லில் உட்கார்ந்தார். மேலே ஏறித் திரும்பிப் பார்த்தேன். மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். காய்ச்சல் அதிகமாகி, கம்பளியில் சுற்றிக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார்கள். கொண்டு போனதும் துரையின் ஜீப்தானாம். அது தெரிந்தபோது அந்த மனிதர் மேல் இருந்த கோபத்தில் கொஞ்சம் எனக்குக் குறைந்தது. அதற்குப் பிறகு ஜீப் வந்தால் ஓரமாக ஒதுங்குவோம், வாறுகாலில் யாரும் இறங்குவதில்லை. இறங்கச் சொல்லி யாரும் ஹாரன் அடிக்கவும் இல்லை.

அவர் மறுபடி மலைக்கு வரவில்லை. நுரையீரலில் சளி கட்டி ரொம்ப நாள் படுக்கையில் இருந்தார் என்று மதினி சொன்னாள். பிறகு வேறு மறைமாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்களாம். அப்பப்ப பேப்பரில் படம் வரும். உப்பளத்துக்காரர்களோடு, பீடி சுற்றுகிற பெண்களோடு, எங்கேயாவது தரையில் உட்கார்ந்திருப்பார். சில பேர் அவரைத் திட்டி எழுதுவதும் உண்டாம். எஸ்டேட்டை மூடின பிறகு நானும் கீழே வந்து, இப்போது பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு மாடிக் குடியிருப்பில் மகளோடு இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். மழை பெய்தால்கூடத் தேயிலை வாசம் வராது.

போன ஐப்பசியில் அவர் இறந்துபோனார். கடைசிக் காலத்தில் இங்கேயே ஓய்வு பெற்ற சாமியார்கள் இருக்கும் வீட்டில்தான் இருந்தாராம். பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். தெரியாமல் இருந்துவிட்டேன், அதுதான் மனசுக்கு ஆறவில்லை. அடக்கத்துக்குப் போனேன். கோயிலைச் சுற்றி வரிசை. ஒழுங்கு பார்த்துக்கொண்டிருந்த ஒரு கன்னியாஸ்திரி என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டு, எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், அவரை எப்படித் தெரியும் என்று அன்பாகத்தான் கேட்டாள்.

“எஸ்டேட்டுல எனக்குப் பக்கத்துல நின்னாவ தாயி” என்றேன். வேறு எப்படிச் சொல்ல என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் என்ன புரிந்துகொண்டாளோ, கையைப் பிடித்து முன்னால் கூட்டிக்கொண்டு போனாள். பெட்டியில் ரொம்பவும் சின்னவராக இருந்தார். மைக்கில் அவர் எழுதின புத்தகங்களையும் வாங்கின பட்டங்களையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெங்களூர் மாநாட்டுக்கு அவர் போகாமல் இருந்ததை யாரும் சொல்லவில்லை. அது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

போன மாதம் எங்கள் மாடியில் குடியிருக்கிற பெண், கங்கைகொண்டான் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள், அழுதுகொண்டே வந்தாள். பிரசவ லீவு முடிந்து போனவளைக் கேட்டிலேயே நிறுத்தி, கூப்பிடும்போது வா என்று சொல்லிவிட்டார்களாம். எனக்குச் சட்டம் தெரியாது. அங்கே யாரிடம் பேச வேண்டும் என்றும் தெரியாது. மறுநாள் காலையில் அவளோடு நானும் கம்பெனி பஸ் வருகிற நேரத்துக்கு அந்தக் கேட்டில் போய் நின்றேன். முழங்கால் வலி உயிர் போனது. செக்யூரிட்டி என்னைப் பார்த்து, பாட்டி நீங்க யாரு என்றார், இவளுக்குப் பக்கத்து வீடு என்றேன். அன்றிலிருந்து தினமும் போகிறோம், இன்னும் அவளை உள்ளே கூப்பிடவில்லை. நாளைக்கும் போவோம் என்று சொல்லியிருக்கிறேன். நியாயம் பேச எனக்கு அவரைப் போலப் படிப்பு இல்லை, ஆனால் ஒருத்தியைத் தனியாக நிற்க விடக்கூடாது என்பது மட்டும் அந்த மனிதர் காய்ச்சலோடு என் தோளில் கை வைத்து நின்ற காலையிலிருந்து எனக்குத் தெரியும்.